வீட்டுக்கு 1,555 ரூபாய்

உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? துணி காயப்போட, வடாம் உலர்த்த, டிஷ் ஆன்ட்டெனாவைத் திருப்பி வைக்க என்று போனதைக் கேட்கவில்லை. மாடியைப் பார்ப்பதற்காகவே போனீர்களா என்று கேட்கிறேன்.

போயிருக்க மாட்டீர்கள். நானும் போனதில்லை. வீட்டிலேயே அதிகம் வெயில் வாங்கி, அதிகம் மழை வாங்கி, நம்மிடமிருந்து ஒரு பார்வைகூட வாங்காத இடம் அது. படுக்கையறை சீலிங்கில் இந்தியா மேப் மாதிரி ஒரு கறை வந்த பிறகுதான் 'மேலே என்னதான் ஆச்சு?' என்று படியேறுகிறோம்.

எங்கள் குடியிருப்பில் அந்தக் கறை 2021 நவம்பர் மழையில் வந்தது. சென்னையின் தென்புறநகரில், தரைத்தளமும் மேலே இரண்டு மாடியுமாக ஒன்பது வீடுகள். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கட்டியது. என் வீடு முதல் மாடி. மழை என் வீட்டுக்குள் வரவேண்டுமானால் முதலில் இன்னொரு குடும்பத்தை நனைத்துவிட்டுத்தான் வரவேண்டும். எனவே நான் நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டாவது மாடியின் மூன்று வீட்டுக்காரர்கள்தான் பக்கெட்டும் கையுமாக நின்றார்கள்.

கூட்டம் போட்டோம். "எங்க வீட்ல ஒழுகலையே, நாங்க எதுக்குக் காசு தரணும்?" என்றார் தரைத்தளத்து நண்பர். வடாம் காயும்போது மொட்டை மாடி பொதுச் சொத்து. ஒழுகும்போது மட்டும் மேல் வீட்டுக்காரரின் தனிச் சொத்து. இது எல்லா அடுக்குமாடிகளிலும் நடக்கிற வாதம்தான். இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவர்தான் அதை முடித்து வைத்தார். "உங்க வாசல்ல இருக்கற டிரெயினேஜ் அடைச்சுண்டப்போ நானும்தானே பணம் குடுத்தேன்? என் வீட்டுக்கா நாறித்து?" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஒன்பது பேரும் சமமாகப் போடுவது என்று முடிவாயிற்று.

யார் கொட்டேஷன் வாங்குவது?

"சார், நீங்க பி.காம்.தானே?"

நம் ஊரில் பி.காம். என்பது பட்டம் அல்ல, ஆயுள் தண்டனை. எந்தச் சங்கமானாலும் நீங்கள்தான் பொருளாளர்.

அடுத்த ஒரு மாதத்தில் கூரையைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஏராளம். உங்களுக்கும் ஒருநாள் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

காங்கிரீட் தளம் போட்டாயிற்று, இனி தண்ணீர் இறங்காது என்று நாம் நினைக்கிறோம். காங்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, நாளாவட்டத்தில் மயிரிழை வெடிப்புகளும் வரும். அதனால்தான் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குல கனத்துக்குப் போட்டு, மழைநீர்க் குழாயைப் பார்த்து வாட்டம் கொடுத்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். 'வெதரிங் கோர்ஸ்' என்று பெயர். முன்பெல்லாம் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். இப்போது அவ்வளவு தட்ட ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை.

முப்பது வருஷ வெயிலில் ஓட்டுக்கு இடையில் உள்ள பூச்சு விட்டுப்போகிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் காக்கை போட்ட விதையில் அரசங்கன்று முளைக்கிறது. நாம் அதைச் சாமி மரம் என்று பிடுங்காமல் விடுகிறோம். தண்ணீர் மெல்ல இறங்கி கம்பியைத் தொடுகிறது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. இரும்பு துருப்பிடித்தால் இளைக்காது, பருக்கும். இரும்பு இருந்ததைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். உள்ளே இடம் இல்லை. எனவே தன்னைச் சுற்றி இருக்கும் காங்கிரீட்டை நெம்பித் தள்ளுகிறது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சீலிங்கிலிருந்து ஒரு பாளம் சாம்பாரில் விழுகிறது. கடல் காற்று வீசும் ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். எங்கள் மாடி 2,400 சதுர அடி.

முதலாமவர் டை கட்டியிருந்தார். ஓட்டுக்கு மேலேயே வெள்ளை கெமிக்கல் மூன்று கோட் அடித்துவிடலாம், 1,15,000 ரூபாய், பத்து வருஷம் கேரண்டி என்றார். "கேரண்டி யார் தர்றது, நீங்களா?" என்று கேட்டேன். "கம்பெனி சார்." துருவிக் கேட்டதில், கம்பெனியின் கேரண்டி டப்பாவுக்குள் இருக்கும் பெயின்ட்டுக்குத்தான், எங்கள் கூரைக்கு இல்லை என்று தெரிந்தது.

இரண்டாமவர் பழைய ஓட்டை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் கலவை போட்டு கூலிங் டைல்ஸ் ஒட்டித் தருவதாகச் சொன்னார். 1,90,000 ரூபாய். பில் வேண்டுமானால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. பார்க்க அழகாக இருக்கும், வெயிலும் குறையும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அங்குல கனத்துக்குக் கலவை போட்டால் சதுர அடிக்குச் சுமார் ஐந்து கிலோ. 2,400 சதுர அடிக்கு 12 டன். டைல்ஸின் எடை தனி. ஏற்கெனவே கம்பி துருப்பிடித்துக் கிடக்கும் தளத்தின் தலையில் இரண்டு மூன்று யானைகளை நிரந்தரமாக நிறுத்தி வைக்கிற மாதிரி.

மூன்றாமவர் ஒரு மேஸ்திரி. வேட்டி, காதில் பென்சில். ஓட்டைத் தட்டித் தட்டி சத்தத்தைக் கேட்டார். எங்கெல்லாம் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். கடைசியில் மாடி முழுக்க வட்டம். "எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டு புதுசாத்தான் சார் போடணும். மேல பூசறது சட்டை கிழிஞ்சதுக்கு கோட்டு போடற மாதிரி" என்றார். 2,68,000 ரூபாய்.

சதுர அடிக்கு 48, 79, 112. ஒரே கூரை, மூன்று விலை. நமக்கு எப்படித் தெரியும் எது நியாயம் என்று? கத்தரிக்காயைப் போல் அழுத்திப் பார்த்து வாங்கும் பொருளா இது? வேலை முடிந்ததும் எல்லாம் ஓட்டுக்கு அடியில் போய்விடும். நல்ல வேலைக்கும் மோசமான வேலைக்கும் வித்தியாசம் மூன்றாவது மழையில்தான் தெரியும். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார். தரத்தைப் பார்க்க முடியாதபோது வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் ஒரு சராசரி விலைதான் தர முன்வருவான். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவனுக்குக் கட்டாது, அவன் ஒதுங்கிவிடுவான். கடைசியில் சந்தையில் ஓட்டைக் கார் மட்டும்தான் மிஞ்சும். இந்த வகை ஆராய்ச்சிக்காக 2001-ல் நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார். நம் ஊரில் நல்ல மேஸ்திரி கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறோமே, அவரை ஒதுக்கித் தள்ளியதில் நமக்கும் பங்கு உண்டு.

நான் ஏமாறவில்லை. மலிவானவரை விட்டுவிட்டு மேஸ்திரியைத்தான் பிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஒப்பந்தமும் பிரமாதமாக எழுதினேன். ஐந்து வருஷத்துக்குள் ஒழுகினால் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். வேலை முடிந்ததும் குழாயை அடைத்து, மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் பாக்கிப் பணம். அதிலும் பத்து சதவீதத்தை அடுத்த மழைக்காலம் முடியும்வரை நாங்கள் நிறுத்தி வைத்துக்கொள்வோம். கம்பெனிகளில் இதற்கு 'ரிடென்ஷன் மணி' என்று பெயர். செயலாளர் படித்துவிட்டு, "சார், வக்கீல் தோத்தான்!" என்றார். நீங்களும் இப்படியே எழுதுங்கள். ஒன்றும் தப்பில்லை.

பிறகு பேரம்.

இது இல்லாமல் முடியுமா? பேரம் பேசாமல் ஒரு வேலையை ஒப்படைத்தால் ஒன்பது வீட்டுக்காரர்களும் நான் கமிஷன் வாங்கிவிட்டேன் என்றுதானே நினைப்பார்கள்? மேஸ்திரியின் கொட்டேஷன் கோடு போட்ட தாளில், மேலே பிள்ளையார் சுழியோடு இருந்தது. பழைய ஓடு பேத்து ரப்பீஸ் அள்ள இவ்வளவு. கம்பி துரு சுரண்டி பூச்சு இவ்வளவு. ஜல்லி, சுண்ணாம்பு, ஓடு, கூலி இவ்வளவு. கடைசிக்கு முந்தின வரி: 'சாரம் கட்ட – 14,000.'

"வேலை மாடியிலதானே மேஸ்திரி? சாரம் எதுக்கு?"

"கைப்பிடிச் சுவர் வெளிப்பக்கம் நல்லா வெடிச்சிருக்கு சார். அதை அடைக்கலேன்னா தண்ணி சுத்திக்கிட்டு உள்ள வந்துடும். வெளியில நின்னுதான் பூசணும்."

"அது எத்தனை நாள் வேலை?"

"ரெண்டு நாள் சார்."

"ரெண்டு நாளைக்குப் பதினாலாயிரமா?"

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, விடுங்க சார். சன்ஷேடுல நின்னு சமாளிச்சுக்கலாம்" என்றார்.

என் பேனாவால் அந்த வரியை அடித்தேன். 2,54,000. ஒன்பதால் வகுத்தால் பைசா வந்து தொந்தரவு செய்தது. "வீட்டுக்கு 27,000-னு முடிச்சுடுங்க மேஸ்திரி, எல்லாருக்கும் சொல்றதுக்கு ஈசி" என்றேன். 2,43,000. மொத்தம் 25,000 ரூபாய் குறைத்துவிட்டேன். வாட்ஸ்அப் குழுவில் ஏழு பேர் கட்டை விரல் காட்டினார்கள்.

அடுத்த மே மாதம் வேலை ஆரம்பித்தது. கூரை வேலையைப் பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்து ஆடிக்கு முன்னால் முடித்துவிடவேண்டும். ஒன்பதாவது நாள், காலை பதினொரு மணி இருக்கும். வீட்டில் உட்கார்ந்து விலைவாசியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். தகர ஷீட்டில் எதையோ தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம். ரப்பீஸ் கொட்டுகிறார்கள் என்று நினைத்து அந்த வாக்கியத்தை முடித்தேன். அதற்குப் பிறகுதான் கீழே பெண்கள் கத்தும் குரல் கேட்டது.

பையனுக்கு 22 வயது. வந்தவாசிப் பக்கம். இரண்டாவது மாடி சன்ஷேடில் நின்றுகொண்டு கைப்பிடிச் சுவரின் வெளிப்புறம் பூசிக்கொண்டிருந்திருக்கிறான். சன்ஷேடின் முனை ஒரு சாண் அகலத்துக்கு அவனோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. அந்தத் துண்டை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். உள்ளே கம்பி இல்லை, கம்பி இருந்த இடத்தில் செம்மண் மாதிரி துரு. எதைச் சரிசெய்ய அவனைக் கூப்பிட்டோமோ அதே துரு.

கார் ஷெட் மேல் விழுந்து, ஷீட்டை உடைத்துக்கொண்டு தரைக்கு வந்ததால் உயிர் பிழைத்தான். இடது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. மணிக்கட்டு முறிவு. ஆட்டோவில் ஏற்றும்போது மேஸ்திரி என்னிடம் சொன்னார்: "என் சம்சாரத்தோட தம்பி சார். நம்ம வீட்டுப் பையன்தான். நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க."

அதைக் கேட்டதும் எனக்குள் முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. 'நல்லவேளை, பிரச்னை பண்ணமாட்டார்கள்.' இரக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, இரண்டு மூன்று நொடி கழித்து. அந்த மூன்று நொடியை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் கூட்டம். முதலில் பேசப்பட்ட விஷயம் கார் ஷெட் ஷீட். அது யார் செலவு? காரின் சொந்தக்காரர் கெட்டவர் இல்லை. பையனுக்கு அடிபட்டதும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரே அவர்தான். ஆனால் ஷீட்டைப் பற்றிப் பேசுவது சுலபம். அதற்கு விலை தெரியும்.

பையனுக்கு நாம் ஏதாவது செய்யவேண்டுமா என்ற கேள்வி வந்தபோது அறை அமைதியானது. ஒருவர் சட்டம் சொன்னார். அவர் சொன்னது தப்பில்லை. கட்டடத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று 1996-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. அப்போது அதுதான் நடைமுறையில் இருந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடம் அதற்குள் வராது. தனி நபர் தன் குடியிருப்புக்காகப் பத்து லட்ச ரூபாய்க்குள் செய்துகொள்ளும் வேலையும் வராது. நம் தெருக்களில் நடக்கும் மராமத்தில் முக்கால்வாசி இந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். எங்கள் மாடியில் ஆறு பேர்தான் வேலை பார்த்தார்கள். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்தே இருக்கிறது. பதிவு செய்து அட்டை வைத்திருந்தால் விபத்துக்கு உதவி கிடைக்கும். பையன் பதிவு செய்யவில்லை. "போகணும் போகணும்னு இருந்தான் சார்" என்றார் மேஸ்திரி.

"ஆக, நமக்குப் பொறுப்பு இல்லை" என்றார் சட்டம் சொன்னவர். "நாம வேலையை கான்ட்ராக்ட் விட்டாச்சு. ஆளை வெச்சது மேஸ்திரி."

இந்த வாக்கியத்தை நான் பல நாள் மென்றுகொண்டிருந்தேன். பொறுப்பை கான்ட்ராக்ட் விட முடியுமா?

சுமார் 3,750 வருஷங்களுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டக் கல் பாரிஸில் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. அதில் கொத்தனாருக்கென்று சில சட்டங்கள் உண்டு. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கொத்தனாருக்கு மரண தண்டனை. வீட்டுக்காரனின் மகன் செத்தால் கொத்தனாரின் மகனுக்கு. பொருள் சேதமானால் நஷ்ட ஈடு, சுவர் பழுதானால் சொந்தச் செலவில் கட்டித் தரவேண்டும். படித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தண்டனையைக் கழித்துவிட்டால் அது என் ஒப்பந்தம்தான்! கூரை நம்மை என்ன செய்யும் என்பதற்கு எல்லா ஏற்பாடும் இருக்கிறது. கூரை மேல் ஏறியவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்த வரிசையில் இடமே இல்லை. நானும் கேரண்டி, தண்ணீர் சோதனை, ரிடென்ஷன் என்று எழுதியதெல்லாம் ஒன்பது வீட்டின் பணத்தைக் காப்பாற்ற. மாடிக்குப் போகிற ஆறு உடம்புகளைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது. இருந்த ஒரே வரியை நான் அடித்துவிட்டேன்.

விவிலியத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு கட்டளை இருக்கிறது. உபாகமம் 22-ம் அதிகாரம். புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கவேண்டும். யாராவது மேலிருந்து விழுந்தால் அந்த ரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. கவனியுங்கள், பேச்சு கொத்தனாரிடம் இல்லை, வீட்டுக்காரனிடம். விழுகிறவன் விருந்தாளியா வேலைக்காரனா என்ற கேள்வியும் இல்லை. கூரை யாருடையதோ, விழுகிறவன் அவன் பொறுப்பு.

சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், எங்கும் போகாத நான், எல்லோரும் இருந்த அந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பார்த்தேன். "சார், அது அந்தக் காலம்" என்றார்கள்.

என் மனசாட்சி சார்பாகவும் ஒரு வக்கீல் உண்டு. அவர் சொல்வதையும் கேளுங்கள். மேஸ்திரி என்ன குழந்தையா? முப்பது வருஷ அனுபவம். சன்ஷேடு எவ்வளவு தாங்கும் என்று பி.காம். படித்தவனுக்கா தெரியும், அவருக்கா? முடியாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனே? அதுவும் போகட்டும். 14,000 ரூபாயை நான் கொடுத்திருந்தால் மட்டும் அவர் சாரம் கட்டியிருப்பார் என்பது என்ன நிச்சயம்? ரெண்டு நாள் வேலைதானே என்று பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு அதே சன்ஷேடில்தான் பையனை ஏற்றியிருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

எல்லாம் நியாயமான வாதம்தான். கடைசி வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் முதல் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'முடியாது' என்று அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இரண்டாமவருக்கு போன் போட்டிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாரே கொஞ்ச நேரம், அப்போது அவர் சன்ஷேடின் பலத்தைக் கணக்குப் போடவில்லை. என்னைக் கணக்குப் போட்டார்.

'சமாளிச்சுக்கலாம்' என்ற வார்த்தையைப் பாருங்கள். அதில் யார் என்பதே கிடையாது. நான் சமாளிக்கிறேன் இல்லை, நீ சமாளி இல்லை. யாரோ, எப்படியோ. பேரம் பேசும் இருவருக்கும் சௌகரியமான வார்த்தை. சமாளிக்கவேண்டியவன் அப்போது அந்த அறையில் இருக்கமாட்டான். வந்தவாசியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பான்.

நம் வீட்டு வேலைகளில் எத்தனை 'சமாளிச்சுக்கலாம்' இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெயின்ட் அடிக்கிறவர் இடுப்பில் கயிறு இல்லாமல். ஏ.சி. மாட்டுகிறவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டு. கேபிள்காரர் கைப்பிடிச் சுவர் மேல் நடந்துகொண்டு. நாம் பார்த்துக்கொண்டே காபி குடித்துவிட்டு, "பார்த்துப்பா, பார்த்து" என்கிறோம். 'பார்த்துப்பா' இலவசம். கட்டுமான வேலையில் உயிர்களைப் பறிக்கும் காரணங்களில் உயரத்திலிருந்து விழுவதுதான் பல நாடுகளின் கணக்கில் முதலிடத்தில் இருக்கிறது. மழை, மின்சாரம், மெஷின் எல்லாம் பிறகு.

14,000-ஐ ஒன்பதால் வகுத்தால் 1,555 ரூபாய் 55 பைசா. ஒரு வீட்டுக்கு. அந்த மே மாதத்தில் என் கரன்ட் பில் அதைவிட அதிகம். 'உன் 1,555 ரூபாய்க்காக ஒரு பையன் சாரம் இல்லாமல் நிற்கட்டுமா?' என்று யாராவது நேராகக் கேட்டிருந்தால், எங்கள் ஒன்பது பேரில் ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லியிருக்கமாட்டோம். யாரும் கேட்கவில்லை. கொட்டேஷன் அப்படிக் கேட்காது. அது வெறும் 'சாரம் கட்ட' என்று ஒரு வரியாக வரும், அடிப்பதற்கு வசதியாக.

இப்போது யார் என்னிடம் கூரை வேலைக்கு யோசனை கேட்டாலும் ஒன்று சொல்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் அடித்துப் பேசுங்கள், ஓடு விலை கடையில் விசாரித்துவிட்டு வந்து பேசுங்கள். சாரத்தை மட்டும் கொட்டேஷனிலிருந்து தனியாக எடுத்து, சாரம் கட்டுகிறவருக்கு உங்கள் கையால் பணம் கொடுங்கள். மேஸ்திரி மிச்சம் பிடிக்கவும் முடியாது, நீங்கள் குறைக்கவும் முடியாது. வேலைக்கு வருகிறவர்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். பழைய கட்டடம் என்றால் சன்ஷேடில் யாரையும், பூனையைத் தவிர, நிற்க விடாதீர்கள்.

கடைசியில் பையனுக்குப் பணம் திரட்டினோம். ஏழு வீட்டில் ஐயாயிரம் கொடுத்தார்கள். இரண்டு வீட்டில் கொடுக்கவில்லை. அந்தப் பாட்டி தன் பங்கு போக இன்னும் ஐயாயிரத்தை ஒரு கவரில் போட்டு, "என் வீட்டுக் கூரைக்குத்தானே ஏறினான்" என்று என்னிடம் கொடுத்தார். மொத்தம் 40,000. வைத்தியம் அரசு மருத்துவமனையில் நடந்தது. ஆனால் ஐந்து மாதம் அவன் வேலைக்குப் போகவில்லை.

கணக்கு எழுதும்போதுதான் எனக்கு நிஜமான தலைவலி. 40,000 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது? 'நன்கொடை' என்றால் நாங்கள் தாராள மனசுக்காரர்கள். 'மராமத்துச் செலவு' என்றால் நாங்கள் கொடுக்கவேண்டியதைத்தான், தாமதமாக, குறைத்துக் கொடுத்திருக்கிறோம். பேரேட்டில் இரண்டுக்கும் ஒரு வரிதான் வித்தியாசம்.

செயலாளர் சொன்னார்: "மனிதாபிமான உதவின்னு போடுங்க சார். கவர்ன்மென்ட்லயே கருணைத் தொகைன்னுதானே குடுக்கறாங்க? வேற மாதிரி எழுதினா நாளைக்கு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. கருணை காட்டினால் நாம் உயரத்தில் இருப்போம், கடன்பட்டால் கீழே இறங்கவேண்டும். நாற்பதாயிரம் கொடுக்க மனசு வந்தது. அது அவனுடைய பணம் என்று சொல்லத்தான் வரவில்லை.

நான் வாதாடினேனா? இல்லை. 'இதர செலவுகள்' என்று எழுதினேன். பி.காம். எனக்குக் கற்றுக்கொடுத்ததிலேயே மிகவும் உபயோகமான தலைப்பு அதுதான். அதற்கு மேல் வரியில் இன்னொரு செலவும் இருக்கிறது: 'சாரம் – 14,000.' பாதியில் நின்ற வெளிப்பூச்சை முடிக்க, விபத்து நடந்த மூன்றாம் நாள் சாரம் கட்டினோம். அந்தச் செலவுக்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மாடியிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அடுத்த மாதம், பொங்கல் முடிந்து, பக்கத்துத் தெருவில் அதே மேஸ்திரி ஒரு வேலை எடுத்திருந்தார். பையனும் வந்திருந்தான். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடந்தான். "மேல ஏறறதில்ல சார். மாமாவுக்குக் கணக்கு பார்த்துக்கறேன், மெட்டீரியல் எடுத்துத் தர்றேன்" என்றான்.

என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவனே எங்கள் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"புயலுக்கு ஒழுகுச்சா சார்?"

"இல்லப்பா. ஒரு சொட்டு இல்ல."

"அந்த வெளிப்பூச்சு பாதியில நின்னுச்சே, யாரு முடிச்சா?"

"உங்க மாமாதான். சாரம் கட்டி முடிச்சார்."

"ஆமா சார். சாரம் கட்டினாத்தான் அது சரியா வரும்" என்று சொல்லிவிட்டு, மணல் லாரி வருகிறது என்று அந்தப் பக்கம் போனான்.